கொமிஷன் பில் வந்த உடன காசைக் கட்டாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வீடு விக்கிற ஆக்களுக்கெண்டு ஒரு கட்டுரை வந்தது. அதில ஏஜென்ட்டோட கொமிஷனுக்குச் சண்டை பிடிக்காதேங்கோ, கோர்ட்டுக்குப் போனால் இன்னும் செலவு, சொலிசிட்டரிட்டைச் சொல்லி, கொம்பிளீசன் எண்டு வீடு கைமாறுற நாளில வாற காசில இருந்து கட்டிவிட்டு நிம்மதியா இருங்கோ எண்ட மாதிரி எழுதியிருந்தது. அதை வாசிச்சிட்டுச் சும்மா இருக்க எனக்கு ஏலேல்லை. ஏனெண்டால் என்ர அக்கா இப்ப இந்தப் பிரச்சினைக்குள்ளதான் நிக்கிறா, ஒரு சதமும் கட்ட மாட்டன் எண்டு அவ நிக்கிறது சரி எண்டு நான் முழுசா நம்புறன், அவவின்ர பேப்பருகளை எடுத்து வாசிக்க வாசிக்க இந்த நாட்டுச் சட்டமும் அவவின்ர பக்கம்தான் எண்டு எனக்கு விளங்குது.

அக்கா ஹரோவில இருவது வருசத்துக்கு மேல இருந்த வீடு. அத்தான் மோசம் போனாப் பிறகு தனிய அவ்வளவு பெரிய வீட்டில இருக்கேலாது, முழங்காலும் ஏலாது, பிள்ளையள் மில்டன் கீன்ஸ் பக்கம், அங்கை படி இல்லாத சின்ன வீடொண்டு பாப்பம் எண்டு விக்கப் போட்டவ. ஏஜென்ட் பெடியன் வீட்டுக்கே வந்தவர். குசினி மேசையில ஐபாட்டை வைச்சு, அன்ரி இது சோல் ஏஜென்சி, பன்னிரண்டு கிழமை, ஒண்டரை வீதம், அதுக்கு மேல வற் வரி, இதில விரலால கையெழுத்து வையுங்கோ எண்டு சொன்னவர். கொன்ட்ராக்ட் அவ கையெழுத்து வைச்ச பிறகுதான் ஈமெயிலில வந்தது. இதை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு இதுக்கு வேலை இருக்கு.

முதல் கொஞ்ச நாள் ஆக்கள் வந்து பாத்தவை, ஒருத்தரும் ஓஃபர் குடுக்கேல்லை, பிறகு ஏஜென்சியில இருந்து விலையைக் குறையுங்கோ எண்டு மட்டும் போன் வரும், வேற ஒண்டும் வராது. அக்கா சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவ. அங்கை ஒரு பிள்ளையின்ர தாய், ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறவ, ரீச்சர் நீங்கள் வீட்டை விக்கப் போறியளாமே எண்டு கேட்டு, அடுத்த ஞாயிறு மனுசனையும் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி குடிச்சு வீட்டைச் சுத்திப் பாத்து, மாமி பின்வளவில நிண்ட கறிவேப்பிலைச் சாடியைக் கூட விட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்டு, 520,000 பவுணுக்குப் பேசி முடிச்சது. ஏஜென்ட் அந்தப் பக்கமே இல்லை. அக்கா மறைக்கவும் இல்லை, தானே ஈமெயில் போட்டு எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் வாங்கினம், வாசலில நிக்கிற விளம்பரப் போர்டை எடுங்கோ எண்டு சொன்னவ. மூச்சே இல்லை. எக்ஸ்சேஞ்ச், அதுதான் விக்கிறவரும் வாங்கிறவரும் ஒப்பந்தம் மாத்திறது, முடிஞ்ச உடன ஏஜென்சியில இருந்து 9,360 பவுணுக்குப் பில் வந்துது. 7,800 கொமிஷன், 1,560 வற். ஏழு நாளுக்குள்ள கட்டாட்டி வட்டி எண்டு சிவப்பு எழுத்தில கிடந்தது.

இனித்தான் விசயம். அவை சொல்லுற காரணம் ரெண்டு. ஒண்டு, கொன்ட்ராக்டின்ர நாலாம் பக்கத்தில பொடி எழுத்தில, இந்தக் காலத்துக்குள்ள ஆர் ஆளைப் பிடிச்சாலும், நீங்களே பிடிச்சாலும், எங்களுக்குக் கொமிஷன் தரவேணும் எண்டு ஒரு வரி இருக்காம். மற்றது, உங்கட வாங்குற ஆளின்ர பேர் எங்கட கொம்பியூட்டரில இருக்கு, நாங்கள்தான் அவருக்கு வீட்டின்ர விபரம் அனுப்பினனாங்கள், அதால அவரை அறிமுகப்படுத்தினது நாங்கள்தான் எண்டினம்.

முதலாவதை எடுப்பம். இங்கிலாந்தில ஏஜென்ட் ஆளை ஒப்பந்தத்தில போடுறதுக்கு ரெண்டு பெரிய வகை இருக்கு. சோல் ஏஜென்சி எண்டால், அந்தக் காலத்துக்குள்ள அந்த ஏஜென்ட் கொண்டுவந்த ஆளுக்கு, இல்லாட்டி அந்த ஏஜென்ட் வீட்டைப் பற்றிப் பேரம் பேசின ஆளுக்கு, இல்லாட்டி வேற ஏஜென்ட் கொண்டுவந்த ஆளுக்கு வித்தால் கொமிஷன். நீங்களே உங்கட சொந்தக்காரருக்கோ கூட வேலை செய்யிற ஆளுக்கோ வித்தால் கொமிஷன் இல்லை. சோல் செல்லிங் றைட்ஸ் எண்டால் கதை வேற, அந்தக் காலத்துக்குள்ள எக்ஸ்சேஞ்ச் நடந்தால் நீங்களே பிடிச்ச ஆளெண்டாலும் கட்டத்தான் வேணும், காலம் முடிஞ்ச பிறகு நடந்தாலும் அந்தக் காலத்துக்குள்ள உங்களுக்கு அறிமுகமான ஆளெண்டால் கட்டவேணும். இது நானோ ஏஜென்ட்டோ நினைச்ச மாதிரிச் சொல்லுற விளக்கம் இல்லை, 1979ஆம் ஆண்டு எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டத்துக்குக் கீழ 1991இல வந்த ரெகுலேசனில இந்த ரெண்டுக்கும் என்ன வசனம் எழுதிக் குடுக்கவேணும் எண்டே போட்டிருக்கு. அந்த விளக்கம் தெளிவா இருக்கவேணும், பேப்பரில உள்ள மற்ற விசயங்களை விடக் குறைஞ்ச முக்கியத்துவத்தில ஒளிச்சு வைக்கக் கூடாது எண்டும் அதில இருக்கு.

அக்காட கொன்ட்ராக்டில முதல் பக்கத்தில தடிச்ச எழுத்தில சோல் ஏஜென்சி எண்டு தலைப்பு. அதுக்குக் கீழ சட்டத்தில உள்ள சோல் ஏஜென்சி வசனம் அப்பிடியே. பிறகு நாலாம் பக்கத்தில, நானும் மகளும் போனில பெருப்பிச்சுப் பாத்துத்தான் வாசிச்சம், அந்தச் சின்ன எழுத்தில மற்ற வகையின்ர வசனம். முன்பக்கத்தில ஒண்டு, பின்பக்கத்தில இன்னொண்டு. அப்ப எது செல்லும்? 2015ஆம் ஆண்டு கொன்சியூமர் றைட்ஸ் சட்டத்தில 69ஆம் பிரிவு சொல்லுது, ஒரு வரிக்கு ரெண்டு அர்த்தம் எடுக்கலாம் எண்டால் பாவனையாளருக்கு எது நல்லதோ அதைத்தான் எடுக்கவேணும் எண்டு. அதே சட்டத்தில நியாயமில்லாத வரி பாவனையாளரைக் கட்டுப்படுத்தாது எண்டும் இருக்கு. முன்னுக்குப் பெரிசா ஒண்டைக் காட்டிப்போட்டுப் பின்னுக்குச் சின்னதா அதைத் திருப்பிப் போடுறது நியாயம் எண்டு எந்த நீதவானும் சொல்லுவார் எண்டு நான் நினைக்கேல்லை.

அதோட அந்த 1979 சட்டத்தில 18ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு. ஒப்பந்தம் போட முந்தி, கொமிஷன் எவ்வளவு, அது எப்ப கட்டவேண்டி வரும் எண்ட விபரத்தை ஏஜென்ட் குடுக்கவேணும். குடுக்காட்டி கோர்ட் ஓடர் இல்லாமல் அவை அந்தக் காசை வாங்கேலாது, கோர்ட்டும் நினைச்சால் கொமிஷனைக் குறைக்கலாம், இல்லாமலும் ஆக்கலாம். ஐபாட்டில விரலால கையெழுத்து வாங்கிப்போட்டுப் பிறகு ஈமெயில் அனுப்பினது எந்தக் கணக்கில வரும்? அது மட்டும் இல்லை, வீட்டுக்கு வந்து போட்ட ஒப்பந்தம் எண்டால் 14 நாளுக்குள்ள வேண்டாம் எண்டு விடுற உரிமை இருக்கு எண்டு எழுத்தில சொல்லவேணும், சொல்லாட்டி அந்த உரிமை இன்னும் ஒரு வருசம் வரைக்கும் நீளும் எண்டு 2013ஆம் ஆண்டு ரெகுலேசனில இருக்கு. அக்காட பேப்பரில அந்த நோட்டீசை நாங்கள் தேடிப் பாத்தும் காணேல்லை.

ஏஜென்ட் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேணும். கையெழுத்தே வைக்கேல்லை, ஆனபடியா ஒண்டும் தரத் தேவையில்லை எண்டு சில பேர் நினைக்கினம், அது பிழை. 2019இல சுப்ரீம் கோர்ட்டில வெல்ஸ் எதிர் தேவானி எண்டு ஒரு வழக்குத் தீர்ப்பாச்சு. ஹக்னியில கட்டின ஃபிளாட்டுகளை விக்கிறதுக்கு ஏஜென்ட் ரெலிபோனில கதைச்சுத்தான் ஆளைப் பிடிச்சுக் குடுத்தவர், பேப்பர் பிறகுதான் வந்தது. ரெலிபோனில கதைச்சதே ஒப்பந்தத்துக்குக் காணும் எண்டு கோர்ட் சொல்லிச்சு. ஆனால் விபரத்தை நேரத்துக்கு எழுத்தில குடுக்காததுக்காக முதல் நீதவான் கொமிஷனில மூண்டில ஒரு பங்கை வெட்டினவர், வற்றோட 49,350 பவுண் 32,900 ஆச்சு, அந்த வெட்டு அப்பிடியே நிண்டுது. உண்மையா ஆளைக் கொண்டுவந்து வித்துக் குடுத்த ஏஜென்ட்டுக்கே அவ்வளவு வெட்டு விழுந்துது எண்டால், ஆளையே கொண்டு வராத ஏஜென்ட்டுக்கு முழுக் கொமிஷனும் எப்பிடிக் குடுக்கிறது?

இப்ப ரெண்டாவது காரணம், பேர் கொம்பியூட்டரில இருக்கு எண்ட கதை. இதைக் கேட்டுத்தான் கனபேர் பயந்து கட்டுகினம். எங்களுக்கும் முதல் கொஞ்சம் திக்கெண்டுதான் இருந்தது, ஏனெண்டால் பேர் இருந்தது உண்மை. அப்ப வாங்கின தம்பி ஒரு நல்ல வேலை செய்தவர். என்னைப் பற்றி உங்களிட்டை இருக்கிற விபரம் முழுக்கத் தாங்கோ எண்டு டேற்றா புரொடெக்சன் சட்டத்தில கேக்க எல்லாருக்கும் உரிமை இருக்கு, காசும் இல்லை, பொதுவா ஒரு மாதத்துக்குள்ள தரவேணும். தன்ர விபரத்தை அவர் கேட்டு எடுத்தவர். வந்த பேப்பரைப் பாத்தால், பல வருசத்துக்கு முந்தி அவர் வாடகை வீடு தேடேக்க அந்த ஏஜென்சியில பேர் பதிஞ்சிருக்கிறார், அதுக்குப் பிறகு அவையின்ர மெசின் தானா அனுப்புற விளம்பர ஈமெயில் எல்லாருக்கும் போற மாதிரி அவருக்கும் போயிருக்கு. அந்த ஈமெயில் ஒண்டில அக்காட வீடும் மற்ற வீடுகளோட ஒரு படமா இருந்திருக்கு. அவர் அதைத் திறக்கவும் இல்லை, போன் எடுக்கவும் இல்லை, வியூவிங் புக் பண்ணவும் இல்லை, ஓஃபர் குடுக்கவும் இல்லை. இதைத்தான் அறிமுகப்படுத்தினது எண்டு 9,360 பவுண் கேக்கினம்.

இதுக்கும் வழி காட்டுற தீர்ப்பு இருக்கு. 2008இல அப்பீல் கோர்ட்டில ஃபொக்ஸ்டன்ஸ் எதிர் பெல்கி பிக்னெல் எண்ட வழக்கு. அதில வாங்கின ஆக்கள் முதல் அந்த ஏஜென்ட்டோட போய் வீட்டைப் பாத்தவை கூட, அப்ப அவைக்கு வாங்கிற எண்ணம் வரேல்லை, பிறகு வேற ஏஜென்ட் மூலம்தான் வாங்கினவை. முதல் ஏஜென்ட் கொமிஷன் கேட்டு வழக்குப் போட்டுது, அப்பீல் கோர்ட் இல்லை எண்டுது. வீட்டைக் காட்டினது மட்டும் காணாது, அந்த ஆளை வாங்கிறதுக்குக் கொண்டுவந்து சேத்தது நீங்களா எண்டதுதான் கேள்வி எண்டு நீதவான்மார் சொல்லிச்சினம். நேரில வந்து வீட்டைப் பாத்த ஆளுக்கே அந்தத் தீர்ப்பு எண்டால், திறக்காத ஈமெயிலுக்கு என்ன தீர்ப்பு வரும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

இதெல்லாத்தையும் வைச்சு அக்கா சொலிசிட்டருக்கு எழுதினவ, இந்தப் பில் தகராறில கிடக்கிற பில், என்ர எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் வீடு வித்த காசில இருந்து ஒரு சதமும் குடுக்கக் கூடாது எண்டு. சொலிசிட்டரும் உங்கட சொல் இல்லாமல் நான் குடுக்க மாட்டன் எண்டு பதில் போட்டவர். உங்கட கட்டுரையில எனக்குக் கோவம் வந்த இடமும் இதுதான். ஏஜென்ட் பில்லை நேர சொலிசிட்டருக்குத்தான் அனுப்புறது வழமை, கொம்பிளீசன் நாளில வான் வாசலில நிக்கும், திறப்புக் குடுக்கோணும், பிள்ளையள் போன் எடுத்துக் கொண்டிருக்குங்கள், அந்த அவதியில ஓம் கட்டிவிடுங்கோ எண்டு சொல்லிப்போடுவம். கட்டின காசைத் திருப்பி எடுக்கிறது கட்டாமல் நிக்கிறதை விட எவ்வளவோ கஷ்டம். ஏஜென்ட் கொம்பிளீசனை நிப்பாட்டிப் போடும் எண்டு பயப்படுறவையும் இருக்கினம், வீடு கைமாறுறது விக்கிறவருக்கும் வாங்கிறவருக்கும் நடுவில உள்ள ஒப்பந்தம், ஏஜென்ட்டுக்கு அதில கை வைக்க ஏலாது.

பிறகு அந்த ஏஜென்சியில இருந்து மனேஜர் போன் எடுத்தவர், சரி நல்லெண்ணத்துக்குப் பாதி தாங்கோ முடிச்சு விடுவம் எண்டு. சொந்தக்காரர் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்ளு, பாதி குடுத்துத் தொலை, உனக்கேன் இந்த வயசில தலையிடி எண்டு அக்காவுக்குச் சொன்னவை. நான் சொல்லேல்லை. கேக்க உரிமை இருந்தால் பாதியை விட்டுக் குடுப்பினமோ? அக்காவும் முடியாது எண்டிட்டா. அந்த ஏஜென்ட் வீட்டை விக்க வேலை செய்து, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ஓஃபர் எடுத்துத் தந்திருந்தால் அவ முதல் நாளே முழுக் காசும் கட்டியிருப்பா, அவ அப்பிடிப்பட்ட மனுசி.

கோர்ட் எண்டால் பயம் எண்டு எழுதியிருந்தியள். கோர்ட்டுக்கு முந்தி ஒரு இடம் இருக்கு எண்டதை உங்கட கட்டுரை சொல்லவே இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர படி வீடு விக்கிற ஏஜென்ட் எல்லாரும் ஒரு முறைப்பாட்டுத் திட்டத்தில சேந்திருக்கவேணும், புரொப்பட்டி ஒம்புட்ஸ்மன் ஒண்டு, புரொப்பட்டி ரெட்ரெஸ் மற்றது. முதல் ஏஜென்சிக்கே எழுத்தில முறைப்பாடு குடுக்கவேணும், எட்டுக் கிழமைக்குள்ள அவை தீர்க்காட்டி இவையிட்டைப் போகலாம், எங்களுக்குச் செலவில்லை. ஒம்புட்ஸ்மனுக்கு 25,000 பவுண் வரைக்கும் நட்டஈடு குடுக்கச் சொல்ல அதிகாரம் இருக்கு. அந்தத் தீர்ப்பு எங்களுக்குப் பிடிச்சு ஒத்துக்கொண்டால் ஏஜென்ட் கட்டுப்படவேணும், பிடிக்காட்டி எங்களுக்குக் கோர்ட் வழி திறந்துதான் இருக்கும். அப்பிடியில்லாமல் ஏஜென்ட்டே வழக்குப் போட்டாலும், 10,000 பவுணுக்கு உள்ள கணக்கு வழமையா ஸ்மோல் கிளெய்ம்ஸ் எண்ட சின்னத் தொகை வழக்குப் பகுதியிலதான் போகும், அதில தோத்தாலும் மற்றப் பக்கத்துச் சொலிசிட்டர் செலவு பொதுவா எங்கட தலையில விழாது. இதைத் தெரிஞ்சால் பாதிப் பயம் போயிடும். அக்காட முறைப்பாடு எட்டுக் கிழமை தாண்டி இப்ப அங்கதான் கிடக்கு.

இன்னுமொரு விசயம், ஏஜென்ட் மாத்திற ஆக்களுக்கு. ஒரு ஏஜென்ட்டின்ர காலம் முடிய முந்தி, நோட்டீஸ் காலமும் சேத்துத்தான், மற்ற ஏஜென்ட்டிட்டைப் போட்டு அவர் ஆளைப் பிடிச்சால் ரெண்டு பேருக்கும் கட்டுற நிலை வரலாம். ஆனபடியா பழைய ஏஜென்ட்டிட்டை எந்தத் தேதியோட முடிஞ்சுது, ஆராரை நீங்கள் கொண்டு வந்தனீங்கள் எண்டு எழுத்தில வாங்கிப்போட்டுத்தான் புதுசில கையெழுத்து வைக்கவேணும். புரொப்பட்டி ஒம்புட்ஸ்மனின்ர நடத்தை விதிக் கோவையில, பழைய ஏஜென்ட் காட்டின ஆள், அந்த ஏஜென்ட்டோட ஒப்பந்தம் முடிஞ்சு ஆறு மாதத்துக்குப் பிறகு வேற ஏஜென்ட் மூலம் வாங்கினால் பழைய ஆள் கொமிஷன் கேக்கக் கூடாது, இடையில வேற ஏஜென்ட் இல்லாட்டி ரெண்டு வருசம் எண்டு இருக்கு. கொன்ட்ராக்டில ரெடி வில்லிங் அன்ட் ஏபிள் எண்டு ஒரு வரி கிடந்தால் அதை வெட்டச் சொல்லுங்கோ, அது இருந்தால் வித்து முடியாமல் நீங்கள் மனம் மாறி நிப்பாட்டினாலும் கொமிஷன் கேக்கலாம்.

எங்கட சனம் இதில ஏன் வாய் திறக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், ரூட்டிங் எங்கை பாத்தாலும் ஏஜென்ட்மார் எங்கட ஆக்கள்தான், கோயிலில காணுவம், கலியாணத்தில காணுவம், முகத்துக்கு முன்னால நிண்டு காசு தரமாட்டன் எண்டு சொல்லக் கூச்சம். நல்லா வேலை செய்யிற ஏஜென்ட்மார் கனபேர் இருக்கினம், அவையளை நான் குறை சொல்லேல்லை, அவையளுக்கும் இந்த மாதிரிப் பில்லால பேர் கெடுது. ஆனால் ஒரு விதவை மனுசியின்ர வீட்டுக் காசில, செய்யாத வேலைக்கு 9,360 பவுண் கேக்கேக்க கூச்சப்படவேண்டியது கேக்கிறவை.

ஆசிரியர் அவர்களே, உங்கட பேப்பரில கிழமைக்குக் கிழமை அரைப்பக்கம் முழுப்பக்கமெண்டு ஏஜென்ட் விளம்பரம் வருது, அது உங்கட தொழில், அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. ஆனால் வாசகருக்குப் புத்தி சொல்லுற கட்டுரை எழுதினால், கட்டிவிட்டு இருங்கோ எண்டு மட்டும் எழுதாமல், சோல் ஏஜென்சிக்கும் சோல் செல்லிங் றைட்ஸுக்கும் சட்டத்தில என்ன வசனம் இருக்கு எண்டதைத் தமிழில பெரிய எழுத்தில ஒருக்கா போடுங்கோ, வயசு போன ஆக்கள் வெட்டி எடுத்து வைச்சுப் பாக்கிற மாதிரி. ஏஜென்ட்மார் ஆராவது என்ர கடிதத்துக்கு மறுமொழி எழுதினால் அதையும் இதே பக்கத்தில போடுங்கோ, ஒம்புட்ஸ்மன் தீர்ப்பு வந்த உடன அது எங்களுக்கு எதிரா வந்தாலும் அந்தப் பேப்பரை நான் உங்களுக்கு அனுப்பி வைப்பன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்